ஜி என்றால் கோபுரம்

ஸ்ரீரங்கத்தில் நீங்கள் எப்போதாவது தொலைந்து போயிருக்கிறீர்களா?

சான்ஸே இல்லை. உத்தர வீதி, சித்திரை வீதி என்று வீதிக்குள் வீதி. மூலைகளெல்லாம் ஒரே மாதிரி. ஆனாலும் தலையைத் தூக்கினால் புது ராஜகோபுரம்... அது தெற்கு. முடிந்தது கதை.

எங்கள் கம்பெனி கம்ப்யூட்டரில் அந்தக் கோபுரம்தான் இல்லை.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா அக்கா தினமும் அதற்குள் தொலைந்தார். ஒரு ஸ்கிரீனில் ஒன்பது வழி. ஒன்றைத் தட்டினால் இன்னும் ஒன்பது. எல்லாம் அதே பச்சை எழுத்து. எங்கே இருக்கிறோம்? எப்படி வந்தோம்? யாருக்குத் தெரியும்! ஸ்விட்சை அணைத்துவிட்டு முதலிலிருந்து வருவார். டீக்குக்கூட எழ மாட்டார் — திரும்பி வந்தால் இடம் மறந்துவிடுமாம்.

"வெள்ளிக்கிழமை என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. இல்லேன்னா தொட்டியம் குடோனுக்கு மாத்திடுவேன்" என்றார் மானேஜர்.

அக்கா வீடு காட்டூர். பையன் ப்ளஸ் டூ. தொட்டியம் எங்கே, காட்டூர் எங்கே?

"எனக்கு மூளை மழுங்கிப்போச்சா தம்பி?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. போர்டே வைக்காம வீதி போட்டிருக்கான் பாருங்க, இந்த புரோகிராமை எழுதின மெட்ராஸ்காரன், அவனை ஒதைக்கணும்."

கம்பெனியில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. புரோகிராமில் கை வைத்தேன். ஒவ்வொரு ஸ்கிரீனின் உச்சியிலும் வந்த வழி: ஸ்டோர்ஸ், பம்ப், வாஷர். எங்கே மாட்டினாலும் 'ஜி'யைத் தட்டினால் முதல் ஸ்கிரீன். ஜி என்றால் கோபுரம்.

"எந்தக் கோபுரம்?" அக்கா முறைத்தார்.

"ராஜகோபுரம்க்கா."

"நான் எங்க மாதா கோயில் கோபுரம்னு வெச்சுக்கறேன், போ!"

வெள்ளிக்கிழமை.

"பம்ப் வாஷர் எவ்வளவு இருக்கு?" என்றார் மானேஜர். பதற்றத்தில் அக்கா நேராகச் சம்பளக் கணக்குக்குள் போய் விழுந்தார். மானேஜர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அக்கா உச்சி வரியைப் படித்தார். ஜி. ஸ்டோர்ஸ். பம்ப். வாஷர்!

"நூத்திநாப்பது சார்."

மானேஜருக்குத் தாங்கவில்லை. "நகருங்க, நான் பார்க்கறேன்." தட்டினார், தட்டினார்... "யோவ், இப்ப நான் எங்கய்யா இருக்கேன்?"

"தலையைத் தூக்கிப் பாருங்க சார்!" சொன்னது நானில்லை, அக்கா.

தொலைகிறவர் முட்டாள் இல்லை ஸ்வாமி. பெயர்ப்பலகை மாட்டாதவன்தான் முட்டாள்.

தொட்டியம் கேன்சல். அக்கா இப்போது டீ குடிக்கப் போயிருக்கிறார். ஸ்கிரீன் வாஷரிலேயே நிற்கிறது.