கதவுக்கு உள்பக்கம் கனகாம்பரம்

திருப்பாதிரிப்புலியூரில் சீர் பீரோ வாங்குகிறவர்கள் கதவில் பூ போட என்னைத்தான் தேடி வருவார்கள். தாமரை, ரோஜா, கொடிமல்லி, எது கேட்டாலும் போடுவேன். என் வீட்டு பீரோவில் மட்டும் ஒரு இதழ்கூடக் கிடையாது.

அது என் மனைவி சீராகக் கொண்டுவந்த வேப்பமர பீரோ. கல்யாணமான புதிதிலேயே கேட்டாள். "கதவுக்கு உள்பக்கமா கனகாம்பரம் போட்டுக் குடுங்க. தெறக்கும்போது நான் மட்டும் பாத்துக்கிறேன்." அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும், வெள்ளையடிக்கும்போது கேட்டாள். "ஊராங்க வேலைய முடிச்சிட்டு வரேன், போடி" என்பேன். இதைவிடக் கேவலமாகவும் பேசியிருக்கிறேன். என் வாய் அப்படி. போன வருஷம் சிதம்பரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

ஆடி முடிந்ததும் அந்தத் தம்பி போன் செய்தான். "மாமா, அக்கா பீரோவ கேக்குது. நாளைக்கு சாயங்காலம் வண்டியோட வரேன்."

சீர் சாமானைத் திருப்பிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எனாமலில் நாற்பது கனகாம்பரம் வரைந்தேன். நன்றாகவே வந்தது. அதைப் பார்த்தால் மனசு மாறுவாள் என்று நினைத்தேன். முட்டாள். எனாமல் காய ஒரு முழு நாள் வேண்டும். அவசரப்படுத்துகிறவர்களை எத்தனை முறை விரட்டியிருக்கிறேன்! மூன்று மணிக்கே வார்னிஷ் அடித்தேன். பிரஷ் போன பக்கமெல்லாம் பூ இழுத்துக்கொண்டு போனது.

மச்சான் வந்து கதவைத் திறந்தான். "என்னா மாமா இது? மீன் கொழம்பு கொட்டிக்கிச்சா?"

"வாய மூடிட்டுத் தூக்குடா."

பீரோ நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அங்கே எதையும் வைக்கவில்லை. போன் அடிக்கும் என்று ஒரு வாரம் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வண்டி வந்தது. அந்தக் கதவை மட்டும் இறக்கினான்.

"வேற கதவு போட்டாச்சு மாமா. இத உங்ககிட்டயே குடுத்துடச் சொல்லுச்சு."

"திட்டுனாளா?"

"இல்லியே. பொடவ ஒட்டிக்கும்னுச்சு. அவ்ளோதான்."

"பூவப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

திட்டியிருக்கலாம்.