தெருவில் நின்று பிடில் வாசித்தவர்

பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேச்சில்லை. காரணம் கம்பளிப்பூச்சி. அவர்கள் வீட்டு முருங்கை மரத்தின் ஒரு கிளை எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு நாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட அப்பாவின் சட்டைக் காலருக்குள் பூச்சி விழுந்துவிட்டது. அப்பா தலைமை வாத்தியார். கழுத்தெல்லாம் தடித்துப்போய், சொறிந்துகொண்டே பாடம் நடத்தினாராம். சாயங்காலம் வந்ததும் யாரையும் கேட்காமல் கிளையை வெட்டித் தள்ளிவிட்டார். கிளை நிறையப் பூ.

பக்கத்து வீட்டுக்காரர் முதல் உலக யுத்தத்துக்குப் போய் வந்த ஹவில்தார். தன் வீட்டிலிருந்து யாரும் எங்கள் வாசலை மிதிக்கக் கூடாது என்று மகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். இரண்டு குடும்பமும் போவது ஒரே சர்ச்சுக்குத்தான். அப்பா வேதம் வாசிக்க எழுந்தால் ஹவில்தாருக்கு இருமல் வந்துவிடும். வெளியே போய் நின்று, வாசித்து முடித்த பிறகுதான் திரும்புவார்.

மகன் பட்டணத்து அச்சுக்கூடம் ஒன்றில் எழுத்துக் கோர்க்கிறவர். நன்றாகப் பிடில் வாசிப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். சண்டை வந்த வருஷம் மற்றவர்கள் எங்கள் வாசலுக்குள் நின்று பாட, அவர் மட்டும் வேலிக்கு வெளியே தெருவில் நின்று வாசித்தார். எல்லோருக்கும் முறுக்கு கொடுத்துவிட்டு அவரை மட்டும் விட மனசில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன்.

"உள்ளதானே வரக்கூடாது. தெருவுல சாப்பிடலாம்ல?" என்றேன்.

"தெருவைப் பத்தி நைனா ஒண்ணும் சொல்லலை" என்று எடுத்துக்கொண்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சர்ச்சில் பாட்டுப் பழகும் இடத்தில் பார்த்தும் பேசியும், கல்யாணம் செய்துகொள்வது என்று அடுத்த கிறிஸ்துமஸ் வருவதற்குள் முடிவுசெய்துவிட்டோம். வீட்டில் சொல்லத்தான் இருவருக்கும் தைரியமில்லை. "பண்டிகை போவட்டும், சொல்லிக்கலாம்" என்பார் அவர். சொல்ல வேண்டியதை ஒரு மாதமாக மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பாடுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். அவர் தெருவிலேயே பிடிலைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா, பிடில் நனையுது. உள்ள வா."

"நைனாவுக்கு வாக்குக் குடுத்துகீறேன் சார்."

பாட்டு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஹவில்தார் குடையோடு வந்து மகனுக்கும் பிடிலுக்கும் பிடித்தார். சின்னக் குடை. ஹவில்தார் தொப்பலாக நனைந்தார்.

"நல்ல பொருளு பாழாப் போவுது. உள்ள போடா" என்றார்.

"நீ வந்தாத்தான் போவேன், நைனா."

ஹவில்தார் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். அம்மா துண்டு கொடுத்தாள்.

"கேக்காம வெட்டினது என் தப்புதான்" என்றார் அப்பா.

"பூ உட்ட கிளை, வாத்யாரே."

"தப்புதான்."

"சரி, உடு. அத்தயே எத்தினி நாளு பேசறது."

பிடிலைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "நைனா, இந்த ஊட்டுப் பொண்ணத்தான் கட்டிக்கலாம்னு கீறேன்."

நான் காப்பித் தம்ளர்களோடு கதவருகில் நின்றிருந்தேன். பாட வந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தை உற்றுப் பார்த்தார்கள்.

அம்மாதான் முதலில் பேசினாள். "போன வருஷம் முறுக்குத் தட்டோட போனவ கால் மணி நேரம் திரும்பலை. எனக்கு அப்பவே தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியாதா? பயல் கண்ணாடி எதிர்லயே நின்னுகினு கீறான்" என்றார் ஹவில்தார். "நீங்களா வந்து கேப்பீங்கன்னு பார்த்தேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதானே முதல்ல கேக்கணும், அண்ணே?" என்றாள் அம்மா.

அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "எனக்கு ஏன் யாரும் சொல்லலை?" என்றார். ஹவில்தார் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தம்ளர்களை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஒரு மாதமாக ஒப்பித்த ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று அம்மா பேசுவது கேட்டது. எனக்குத் திடீரென்று நல்ல பசி எடுத்தது. டப்பாவைத் திறந்து மூன்று அதிரசம் தின்றேன். வெளியே மறுபடி பாட ஆரம்பித்தார்கள். பிடில் சுருதியே சேரவில்லை.