காந்தமுனைக் குழாய்

அறுபதுகளின் இறுதியில் ஒரு காலை, பெருமாள் கோயிலில் அர்ச்சகராயிருந்த என் அண்ணா கர்ப்பக்கிருகத்திலேயே தலைவலியால் துடித்து விழுந்தார். சென்னை மருத்துவர் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூளையின் ரத்தக்குழாய் ஓரிடத்தில் மொட்டுப்போல் உப்பிக் கசிந்திருப்பதைக் காட்டினார். இரண்டு வாரத்துக்குள் மண்டையோட்டைத் திறந்து அந்த மொட்டின் கழுத்தை இறுக்கி மூட வேண்டும்; இல்லாவிட்டால் மறுபடி கசியும் என்றார்.

அண்ணா உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "எலும்பை வெட்டுவேளா? தழும்பு இருக்குமோ?" என்றுதான் கேட்டார். அங்கத்தில் குறையுள்ளவன் பெருமாளைத் தொடக் கூடாதென்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும்.

நான் பெண்கள் பள்ளியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அயல்நாட்டு இதழ் ஒன்றில் படித்திருந்தது நினைவுக்கு வந்தது. மெல்லிய குழாயின் நுனியில் சிறு காந்தம் பொருத்தி ரத்தக்குழாய்க்குள் செலுத்துகிறார்கள். கிளை பிரியும் இடத்தில், உடலுக்கு வெளியே வைத்த பெரிய காந்தத்தால் நுனியை வேண்டிய பக்கம் திருப்புகிறார்கள். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை.

கவட்டைபோல் பிரிந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பள்ளியிலிருந்து கொண்டுவந்து, நீர் நிரப்பி, நூலில் கட்டிய ஊசித் துண்டை உள்ளே விட்டேன். வெளியே காந்தத்தை நகர்த்த, ஊசி இடக்கிளையில் நுழைந்தது.

அண்ணா சிரித்துவிட்டார். "பெருமாள் வாகனத்தை வீதி முனையில திருப்பறதுக்கு நாங்க முப்பது பேர் தொண்டை கிழியக் கத்தறோம். நீ பேச்சே இல்லாம திருப்பிட்டியேடி!"

அண்ணாவின் மனைவி, என் மன்னி, சிரிக்கவில்லை. "இதை மெட்ராஸ்ல பண்றாளா?"

"வெளிநாட்ல, மன்னி."

"அப்போ வாத்தியாரம்மா இங்க எதுக்கு வித்தை காட்டறா?"

அந்தக் கட்டுரையில் 'சோதனை நிலையில்' என்ற சொற்கள் இருந்தன. அவற்றை நான் சொல்லவில்லை. கட்டுரையாளருக்குக் கடிதம் எழுதினேன். "பதில் வரட்டும்" என்று அண்ணா அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, தினமும் கைங்கரியத்துக்குப் போய்வந்தார். நான் தடுக்கவில்லை.

ஐந்தாம் வாரம் பதில் வந்தது. மிகச் சிலரிடமே முயன்றிருக்கிறோம், தாமதியாமல் அறுவைக்கு அனுப்புங்கள் என்று அவர் அன்போடு எழுதியிருந்தார். மூன்று நாள் முன்பே மொட்டு மறுபடி கசிந்திருந்தது. மண்டையைத் திறந்துதான் பிழைக்க வைத்தார்கள். வலக்கைக்கு மட்டும் உயிர் திரும்பவில்லை.

வீடு திரும்பியபின், எங்கள் தெருவிலேயே இருந்த, ஆகமம் கற்ற பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். முளைத்துவரும் முடியை விலக்கித் தழும்பைப் பார்த்தார்.

"இது ஒரு குறையே இல்லையே. பிராயச்சித்தம் பண்ணிண்டு உள்ள போகலாமே. யாராவது வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

பிறகுதான் அண்ணாவின் மடியில் கிடந்த வலக்கையைக் கண்டார்.

கேட்கவில்லை. கடல் தாண்டிக் கடிதம் போட்ட எனக்கு நாலு வீடு தள்ளிப் போகத் தோன்றவில்லை. அவரிடம் கேட்பது என் படிப்புக்கு இழுக்கென்று உள்ளூர எண்ணியிருக்கலாம். அண்ணாவோ, அவர் கூடாதென்று சொல்லிவிடுவாரோ என்று பயந்திருந்தார்.

அதன்பின் அண்ணா பல ஆண்டுகள் இருந்தார். என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. காலையில் கோயிலில் மற்றவர்களோடு வரிசையில் நிற்பார். தீர்த்தம் அருகில் வரும்போது மன்னி அவருடைய வலக்கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் குவித்து, கீழிருந்து தாங்கிக்கொள்வார்.