எங்கே இறுகுகிறது என்று பார்க்காமல் செய்த பயிற்சி

இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

ரோடு பிரியும் கடம்பூர் விலக்கில் நடந்த பைக் விபத்தில் என் கணவர் இறந்துவிட்டார். எனக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து கோவில்பட்டி வீட்டுக்கு வந்ததும் பிசியோதெரபிஸ்ட் பெண் இரண்டே பயிற்சிகள் சொல்லித் தந்தார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது ஒன்று. ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது இன்னொன்று.

இரண்டும் சுலபமாக இருந்ததால், செல்போனில் வீடியோ பார்த்து, தொடையில் ரப்பர் பட்டை மாட்டி உட்கார்ந்து எழ ஆரம்பித்தேன். வலித்தது. அந்த நாட்களில் எது வலித்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் அடுப்படியில் கால் மரத்துச் சரிந்தேன். பக்கத்தில் நின்ற நாத்தனார் தாங்கிப் பிடித்தாள்.

நல்லவேளையாக, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், ஆபரேஷனில் எலும்போடு வைத்த பிளேட் அசையவில்லை. பிசியோதெரபிஸ்ட் திட்டவில்லை. படுத்து இடுப்பைத் தூக்கச் சொன்னார்.

“எங்கன இறுகுதுக்கா?”

“தொடையிலயும் முதுகுலயும்.”

“அப்போ பின்பக்கத் தசை வேலையே செய்யல. அது பலமாகாம கஷ்டமான பயிற்சி செஞ்சா முதுகுதான் பாரத்தைத் தாங்கும். குதிகாலைக் கிட்ட இழுத்து, பிட்டத்துல கை வச்சுப் பாருங்க.”

ஏழாவது தடவைதான் உள்ளங்கைக்குக் கீழே தசை இறுகியது. விபத்துக்குப் பிறகு என் உடம்பு நான் சொன்னதைக் கேட்டது அன்றுதான்.

இப்போது அந்த இரண்டு மட்டும்தான். கை வைத்துப் பார்த்த பிறகே எண்ணுகிறேன். புதிதாக எதையும் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் சேர்ப்பதில்லை. வலித்தால் நாத்தனாரிடம் சொல்லிவிடுகிறேன். அண்ணனைப் பறிகொடுத்த அவள், “போதும் மைனி, எந்திரிங்க” என்று கை கொடுக்கிறாள்.