ராடர் என்ற சொல்

வைஃபை பெட்டிகளுக்குச் சனல், அதாவது அலைவரிசை, பிரித்துக் கொடுப்பது என் வேலை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இதை ஒருவருக்கும் விளக்க முடிந்ததில்லை. பெரியம்மா ஊரெல்லாம் "வயர் இழுக்கிறவள்" என்று சொல்லி வைத்திருக்கிறார். நானும் விட்டுவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனைக்கு நான்தான் இந்தப் பெட்டிகளைச் சுவரில் பூட்டினேன். கட்டிலருகே இருக்கும் பொத்தானை அமத்தினால் தாதியின் கைபோனில் மணி அடிக்கும். இடையில் வயர் கிடையாது, எல்லாம் வைஃபைதான். மூன்றாம் மாடி ஜன்னல்கள் துறைமுகத்தைப் பார்த்திருக்கும். அந்த மாடியிலேயே அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டி வரும் என்று பூட்டும்போது நினைக்கவில்லை. அவருக்கு இதயம் பலவீனம். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் பொத்தானை அமத்த வேண்டும் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு பின்னேரம், "மிஸ், சமஹர வெலாவட்ட பெல் எக்க என்னே நே" என்றாள் சிங்களத் தாதி. சில நேரம் மணி வருவதில்லையாம். பழுதான ஃபேனைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

கீழே மனேஜரின் அறையில் லப்டொப்பைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் மாடிப் பெட்டி அடிக்கடி வாயை மூடியிருந்தது. காரணம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே சொல், ராடர். சில சனல்களில் ராடருக்குத்தான் முதல் உரிமை. அதன் சத்தம் கேட்டால் பெட்டி உடனே விலகி, வேறு சனலில் ஒரு நிமிடம் காதுகொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் பேசும். அந்த ஒரு நிமிடம் மேலே எந்த மணியும் அடிக்காது.

மனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், யுத்த காலத்தில் கொழும்பில் ராணுவச் சுற்றிவளைப்புகளில் அகப்பட்டு மீண்டவர். நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஆர் பாக்கிறாங்கள்?"

"ஒருத்தரும் பாக்கேல்லை அங்கிள். அது கப்பலின்ர ராடராயிருக்கும். எங்கட பெட்டி அதுக்கு வழி விடுது. ராடர் இல்லாத சனலுக்கு மாத்திவிட்டால் சரி."

"மாத்தாதையும் பிள்ளை. பாத்த உடன மாத்தினால் என்னத்தையோ ஒளிக்கிறம் எண்டு நினைப்பாங்கள்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் விரல் விசையில் அப்படியே நின்றது. சின்ன வயதில், ஆமியின் டோர்ச் வெளிச்சம் ஜன்னலில் விழுந்தால் லைட்டை நூக்கக் கூடாது, அணைக்காமல் அப்படியே விட வேண்டும் என்று அப்பா சொல்லித் தந்திருந்தார். நூத்தால் சந்தேகப்படுவார்களாம். இந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

அப்போது திரையில் மூன்றாம் மாடிப் பெட்டி மறுபடியும் சிவப்பானது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியால் ஓடினேன். அப்பாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பெருவிரல் பொத்தானிலேயே இருந்தது.

"அமத்திக்கொண்டே இருக்கிறன் பிள்ளை. ஒருத்தரும் வரேல்லை."

கூப்பிட்ட குரலுக்குத் தாதி ஓடிவந்து ஒட்சிசன் வைத்தாள். அவர் மூச்சு ஒழுங்காகும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருவரையும் கேட்காமல், கட்டிலடியில் இருந்தபடியே என் கைபோனிலிருந்து சனலை மாற்றினேன். பொத்தானை அமத்திப் பார்த்தேன். தாதியின் போன் உடனே அடித்தது. இனி நிம்மதி என்று நினைத்தேன்.

படியேறிய களைப்போடு வந்து சேர்ந்த மனேஜர் அப்பாவின் காதருகே குனிந்தார்.

"ஐயா, பயப்பிடாதையுங்கோ. ராடராம். பிள்ளை மாத்திப்போட்டா."

அப்பா துறைமுகப் பக்கத்து ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"அமத்தினது நான்தான் எண்டு அவங்களுக்குத் தெரியுமோ?"

ராடருக்கும் பொத்தானுக்கும் சம்பந்தமே இல்லை என்று பொறுமையாக எல்லாம் சொன்னேன். ஓம், ஓம் என்று தலையாட்டிக் கேட்டார்.

மற்ற நாள் தாதி சந்தோஷமாக வந்தாள். எல்லா அறையிலிருந்தும் மணி ஒழுங்காக வருகிறதாம். அப்பாவின் அறையிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லையாம், அவருக்கு நல்ல சுகம் போலிருக்கிறது என்றாள். போய்ப் பார்த்தேன். துறைமுகப் பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. பொத்தான் துவாய்த் துணியில் சுற்றி, மேசையின் இழுப்பு லாச்சிக்குள் கிடந்தது. மூச்சு முட்டினால், அவர்களுக்குத் தெரியாமல், கரண்டியால் கட்டில் கம்பியில் தட்டுவாராம். எனக்குத் தட்டியும் காட்டினார், மெல்லமாக.

தாதியின் மேசையோ நீண்ட நடைபாதையின் மற்றக் கோடியில் இருக்கிறது.