பன்னிரண்டு முட்டைப் பரிகாரம்

இந்த வாரம் பத்திரிகைக்கு எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். சோம்பல் இல்லை… சரி, கொஞ்சம் சோம்பலும்தான். ஆனால் நிஜக் காரணம் என் வலது கை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே குடைச்சல். ஐந்தாவது வரை படித்தவன் கையெழுத்து சும்மாவே எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இப்போது எறும்புக்கும் கால் ஒடிந்துவிட்டது.

கேக் அடித்த கை ஐயா இது! அதுவும் யார் வீட்டுக் கேக்?

டிசம்பர் பிறந்ததும் அம்மா பெரிய எனாமல் பேசினைப் பரணிலிருந்து இறக்குவாள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வருவது அப்படித்தான். முதல் வாரம் வெள்ளோட்டமாக ஒரு சூஜி கேக், அதாவது ரவைக் கேக். பண்டிகை வாரத்தில் சொந்தம், அக்கம்பக்கம், கோவில் சாமியார் என்று பத்துப் பன்னிரண்டு. வெண்ணெய், சீனி, ரவை, முட்டை எல்லாவற்றையும் போட்டு இரண்டு மணி நேரம் ஒரே பக்கமாக அடிக்க வேண்டும். பக்கம் மாறினால் கேக் அமுங்கிவிடுமாம். யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. யார் அடிப்பது? அது மட்டும் எல்லாருக்கும் தெரியும் — நான்!

அன்றைக்குத் திடலில் பந்தாட்டம். மார்க்கெட் ஸ்ட்ரீட் ஜவுளிக்கடைக்காரர் மகன், என் கூட்டாளி காதர், வாசலில் நின்று விசில் அடிக்கிறான். உள்ளே அம்மா முட்டை உடைக்கிறாள்.

“ஞானம், பேசினைப் பிடிடா.”

“பிடிக்கிறேன்மா. அக்கா கதிய நெனச்சாத்தான் பாவமா இருக்கு.”

“அக்காவுக்கு என்னடா?”

“ஒனக்குத் தெரியாதா? கேக் மாவை ஆம்பிளை அடிச்சா, அடுத்த வருஷக் கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்த வீட்டுல கல்யாணமே நடக்காதாம். புலாவ் தீக்கூஸ்ல ஒரு சட்டைக்காரம்மா சொன்னாங்க. வயசு நூறு இருக்கும்லா.”

யூரேஷியர்களை நாங்கள் சட்டைக்காரர் என்போம். கிறிஸ்துமஸ் விஷயத்தில் அவர்கள்தான் இந்தப் பினாங்குக்கே வாத்தியார். ஆனால் அப்படி ஓர் அம்மா கிடையாது. நான் சொன்னதில் புலாவ் தீக்கூஸ் என்ற ஊர் மட்டும் நிஜம்.

அம்மா என் கையிலிருந்த பேசினை வெடுக்கென்று பிடுங்கினாள். காரணம் இருக்கிறது. பிலோமினா அக்காவுக்கு இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக நிபோங் திபாலில் ஒன்று அமைந்திருந்தது. மாப்பிள்ளை சவரிமுத்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தட்டு மாற்ற வருவதாகப் பேச்சு. அக்கா நான்கு மாதமாக ஒரு புடவைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் திரைச்சீலை என்பாள்.

அக்கா பேசினை மடியில் வைத்து அடிக்க உட்கார்ந்தாள். நான் பந்தாடப் போனேன். இரண்டு கோல்!

அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்து நான்கு பேரிடம் சொன்னாள். அந்த நான்கு பேருக்கும் வாய் இருந்தது. அடுத்த வாரம் சவரக் கடையில் என் முகத்தில் சோப்புப் போட்டபடியே கடைக்காரர் சொல்கிறார்:

“தம்பி, நீ கேக்கு கீக்கு அடிச்சுத் தொலைக்காதே. ரோமாபுரியிலேயே அந்தப் பழக்கம் கெடையாதாம்.”

காதர் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எங்க உம்மாகூட கேட்டாங்கடா, அந்தச் சட்டைக்காரம்மாவுக்கு மூணு புருஷனாமே?”

மூன்று புருஷன் நான் கொடுத்ததில்லை. ஊர் கொடுத்தது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது நிபோங் திபாலிலிருந்து கடிதம் வந்தது. மாப்பிள்ளையே எழுதியிருந்தார். அவர் அம்மாவுக்குப் பெண் பிள்ளை கிடையாது, ஒரே மகன். வருஷா வருஷம் கேக் அடித்துக் கொடுப்பது அவர்தான். இந்த வருஷமும் அடித்துவிட்டார். ஃபெர்ரி தாண்டி, ரயிலேறி, யாரோ ஒரு புண்ணியவதி மூலம் என் சட்டைக்காரம்மா அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ‘தோஷத்தோடு தட்டு மாற்ற வேண்டாம், அடுத்த கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று அம்மா சொல்லுகிறார்கள்’ என்று முடித்திருந்தார்.

அம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்கா அழவில்லை. பேசினில் மாவை அடித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் கை பக்கம் மாறி, எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொல்லைப்பக்கம் கூப்பிட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. அது இன்னும் மோசம்.

“பந்து வெளையாடறதுக்காடா?”

“ஆமாக்கா.”

“என்கிட்ட என்னத்துக்குச் சொல்றே? அங்க போய்ச் சொல்லு.”

போனேன். ஃபெர்ரியில் கடல் தாண்டிப் பிறையில் இறங்கி, ரயில் பிடித்து, நிபோங் திபாலில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஆள் ஒல்லி, பார்வை கெட்டி. உறவே இன்னும் ஆகவில்லை. துணிந்து ‘அத்தை’ என்றேன்.

“அத்தே, அது நான் விட்ட பொய். அப்படி ஒரு சட்டைக்காரம்மாவே கெடையாது.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்கா மேல எம்மாம் பாசம்! அவளுக்காக இம்மாந்தூரம் வந்து பொய் சொல்றியேப்பா.”

“இல்லத்தே, இப்ப சொல்றதுதான் உண்மை.”

“அந்தம்மாவை என் ஓர்ப்படி புலாவ் தீக்கூஸ்ல கண்ணால பாத்திருக்காப்பா.”

இதற்கு மேல் நான் என்ன செய்ய? உண்மைக்குத்தான் சாட்சி கேட்கிறார்கள். பொய்யோடு ஒரு கிழவியைச் சேர்த்துவிட்டால் போதும், சாட்சி தானாக வருகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை பேசினேன். போணியாகவில்லை. சரி, கைவசம் இருக்கும் சரக்கையே எடுப்போம் என்று குரலைத் தாழ்த்தினேன்.

“அத்தே… அதுக்குப் பரிகாரம் ஒண்ணு இருக்கு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சொல்லு.”

“பொண்ணோட தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்கே வந்து, புதுசா ஒரு கேக் அடிச்சுக் குடுத்தா தோஷம் கழிஞ்சிரும்.”

“எத்தனை முட்டை?”

பாருங்கள், உண்மையைச் சொன்னபோது இப்படி ஒரு கேள்வி வந்ததா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“பன்னெண்டு. அப்போஸ்தலர் கணக்கு.” சொன்ன பிறகுதான் கை ஞாபகம் வந்தது. “யூதாசைத் தள்ளிட்டா பதினொண்ணு போதும் அத்தே.”

“அவனுக்குப் பதிலா மத்தியாஸ் வந்தாரே?”

ஞானோபதேச வகுப்பில் தூங்கியது எவ்வளவு பெரிய தப்பு! பன்னிரண்டே போட்டார்.

அவர் எதிரிலேயே நாற்காலியில். நான் தரையில், பேசின் மடியில். சும்மா அடித்தால் தோஷம் போகுமா என்று பாதி நேரம் செபமாலை வேறு சொல்ல வைத்தார். ஒரு மணி நேரத்தில் தோள் போனது. ஒன்றரை மணியில் விரல்கள் யாருடையவோ ஆகிவிட்டன. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அம்மா தண்ணீர் எடுக்க எழுந்ததும் என் பக்கம் குனிந்தார்.

“முழங்கையை முட்டியில ஊணிக்குங்க மச்சான். வலி தெரியாது.”

மச்சான்! வெற்றிலைத் தட்டு மாறுவதற்கு முன்பே மாறியது அந்த ஒரு சொல்தான். மீதி அரை மணி நேரம் வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பொய் சொல்வதைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சொன்னபடி வந்தார்கள். தட்டு மாறியது. தபசு காலம் முடிந்து, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று முடிவானது. அக்காவின் திரைச்சீலை அன்றைக்குப் புடவையாகிவிட்டது. என் கேக்கையும் கொண்டுவந்திருந்தார்கள் — செங்கல், ஆனால் இனிப்புச் செங்கல். எல்லாரும் ஒரு துண்டு தின்றே ஆகவேண்டும் என்று சம்பந்தியம்மா கட்டளை. அக்கா மென்று முடித்துவிட்டு என் காதோரம் வந்தாள்.

“கோல் போட்ட காலையும் வச்சு அடிச்சிருந்தா, கேக் கொஞ்சம் பொங்கியிருக்கும்டா.”

அறை வந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இதையெல்லாம் எழுதி முடித்து, தபாலில் போடுமுன் காதருக்குப் படித்துக் காட்டினேன். வழக்கமாக முதல் வரியிலேயே சிரிப்பவன், கடைசி வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். “ஏண்டா, நல்லா இல்லியா?” என்றேன்.

“பாவி, ஒன் பரிகாரத்தை நம்பி, பெருநாளைக்குக் கேக் அடிச்சுத் தரணும்னு தங்கச்சி மாப்பிள்ளை வீட்டுக்கு நாளைக்கே என்னை அனுப்புறாங்கடா எங்க உம்மா!”