முதலியார்பேட்டை ரீல் பாய்

முதலியார்பேட்டையில் பக்ருதீன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ரீல் பாய் வீடு என்றால் பெட்டிக்கடைக்காரர்கூடக் கை காட்டுவார். ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் டீசல் மெக்கானிக்காக இருந்து, இடுப்பு எலும்பு தேய்ந்து ஊர் திரும்பியவர். கடற்கரையில் நின்று தூண்டில் வீசுகிறவர்களின் ரீல்களை, அதாவது கம்பில் பூட்டி நரம்பு சுற்றும் சக்கரங்களை, முன்னறை மேசையில் பிரித்துப் போட்டுச் சரிசெய்து கொடுக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, குனிந்தால் கண் மங்குகிறது.

வருகிற ரீல் எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி, உப்பு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். யாரும் செய்வதில்லை. சிலர் குழாயைத் திறந்து வேகமாகப் பீய்ச்சி, வெளியே இருந்த உப்பையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கொண்டுவருவார்கள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோய், இப்போதெல்லாம் சொல்வதையே விட்டுவிட்டார்.

அந்தக் கறுப்பு ரீல் மட்டும் வேறு மாதிரி. கனமான, விலை உயர்ந்த வெளிநாட்டு ரீல். அது மாதாமாதம் மணல் நிறைந்து வரும். பல்சக்கரம், பேரிங், நரம்பு சுற்றும் ஸ்பூலின் அடி எல்லா இடத்திலும் மணல். கொண்டுவருபவள் சிவசங்கரி என்ற பெண். "அப்பாவோடது பாய்" என்று வாசலிலேயே கொடுத்துவிட்டு, அணைக்காத ஸ்கூட்டியில் வேலைக்குப் பறந்துவிடுவாள். ஐந்தாம் முறை அவள் அதை நீட்டியபோது பக்ருதீன் வாங்கவில்லை.

"என்னால முடியாதும்மா. இவ்ளோ நல்ல ரீலை மண்ணுல போட்டுப் பொரட்டுறாரு உங்கப்பா. அவர நேர்ல வரச் சொல்லு. ரெண்டு வார்த்தை கேக்கணும்."

சிவசங்கரி அன்றுதான் வண்டியை அணைத்தாள்.

"அவரு வேணும்னு பண்ணல பாய். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்துது. இடது கை வரமாட்டேங்குது. சாயங்காலம் வீராம்பட்டினம் பீச்சுலதான் இருப்பாரு. நீங்களே வந்து பாருங்களேன்."

பக்ருதீனுக்கு எங்கேயும் போகப் பிடிக்காது. வண்டியில் உட்கார்ந்தாலே இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கும். ஆனாலும் ரீலை வாங்கிக் கழுவி, கிரீஸ் வைத்து, நான்கு மணிக்குச் சட்டையை மாட்டினார். மனைவி கனீஸ் பாத்திமா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"டாக்டர் நடக்கச் சொன்னப்பல்லாம் போவல. இப்ப எங்க கெளம்பிட்டீங்க?"

"மண்ணு எங்கேருந்து வருதுன்னு பாக்க."

சிவசங்கரியின் அப்பா நாராயணசாமிக்கு அறுபத்தெட்டு வயது. பத்திரப் பதிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளக் கம்பு ஒன்றை வைத்துக்கொண்டு அலையோரம் நின்றிருந்தார். பக்ருதீன் தான் யாரென்று சொல்லி, ரீலைக் கம்பில் பூட்டிக் கொடுத்துவிட்டு, நகர்ந்து நின்று பார்த்தார்.

பார்க்கக் கஷ்டமாக இருந்தது. வலது கையால் மட்டும் அந்தக் கம்பை வீச வேண்டும். ஈயக்குண்டு பத்தடி தள்ளி விழுந்தது. பிறகு கம்பை மணலில் கிடத்தி, மண்டியிட்டு, முழங்காலால் அமுக்கிக்கொண்டு, இடப்பக்கம் இருந்த ஹேண்டிலை வலது கையால் எட்டிச் சுற்றினார். ரீலின் பாதி மணலுக்குள் இருந்தது. அலை வந்து அதன்மேல் ஏறி இறங்கியது.

கேட்க வந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு, பக்ருதீன் வேறொன்றைக் கேட்டார்.

"இவ்ளோ பெரிய ரீலு எதுக்கு சார் வாங்கினீங்க? இது ரெண்டு கையால வீசுறவங்களுக்கு."

"பையன் பிரான்சுலேருந்து அனுப்பிச்சான் பாய்."

"கை இப்டி இருக்குன்னு அவருக்குத் தெரியாதா?"

நாராயணசாமி கடலைப் பார்த்தபடி சொன்னார்: "சரியாப் போச்சுன்னு சொல்லிட்டேன். வீடியோ கால்ல வலது கைய மட்டும் காட்டுவேன். தெரிஞ்சா லீவு போட்டுட்டு ஓடியாந்துடுவான். அங்க வேலை நெலவரம் சரியில்ல. மீன் பிடிக்கிறியாப்பான்னு வாராவாரம் கேக்குறான். அதான் வந்து நிக்கிறேன்."

"ஏதாவது மாட்டுச்சா?"

"இது வரைக்கும் ஒண்ணுமில்ல."

அடுத்த நான்கு நாள் பக்ருதீன் வேறு ரீல் எதையும் தொடவில்லை. யாரோ கொடுத்துவிட்டு இரண்டு வருஷமாக வாங்க வராத சின்ன ரீல் ஒன்று அலமாரியில் கிடந்தது. எடை பாதிதான். இடப்பக்க ஹேண்டிலைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினார். மெல்லிய நரம்பு சுற்றினார். எட்டடிக் கம்பு ஒன்று தேடிப் பிடித்தார். பிளம்பரிடம் மிஞ்சிய பி.வி.சி. குழாயில் நான்கடி வாங்கி, மணலில் குத்த வசதியாக ஒரு முனையைச் சாய்வாக அறுத்தார். குனிந்து அறுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் பாத்திமா தைலம் தேய்த்துவிட வேண்டியதாயிற்று.

மறுபடி கடற்கரைக்குப் போனபோது குழாயைத் தாமே மணலில் இறக்கினார்.

"தூரமா வீச வேணாம் சார். கிழங்கான் மீனு மொத அலைக்குப் பின்னாடியே மேயும். சின்னதா இறால் துண்டு வச்சிப் போடுங்க. போட்டுட்டு கம்ப இதுல நிக்க வச்சிடுங்க. நின்னுக்கினே வலது கையால சுத்துங்க. மண்ணுல வைக்கவே வேணாம்."

நாராயணசாமி கறுப்பு ரீலைத் தடவிப் பார்த்தார். "அப்ப இது?"

"தொடச்சி, நரம்ப இறுக்குற முன்பக்கத் திருக லூஸ் பண்ணி, துணியில சுத்தி வச்சிருங்க. கெட்டுப்போவாது."

"பையனுக்கு என்னா சொல்றது?"

பக்ருதீன் இறால் துண்டைத் தூண்டில் முள்ளில் குத்தி, கம்பை அவர் கையில் கொடுத்தார்.

இருட்டுவதற்குள் விரல் நீளத்தில் இரண்டு கிழங்கான் கிடைத்தன. நாராயணசாமி சிரிக்கவில்லை. மீனைக் கையில் வைத்துக்கொண்டே, அழைத்துப் போக வந்த சிவசங்கரியிடம், "அண்ணனுக்குப் போன் போடு. கையப் பத்திச் சொல்லணும்" என்றார். அவள் போனை நீட்டிப் பிடிக்க, பக்ருதீன் அங்கே நிற்கக் கூச்சப்பட்டு வண்டியை நோக்கி நடந்தார். அண்ணன் அழுதான் என்று பிறகு ஒருநாள் சிவசங்கரி சொன்னாள். டிசம்பரில் வருகிறானாம்.

அதற்குப் பிறகு நாராயணசாமி ஞாயிற்றுக்கிழமைதோறும் முதலியார்பேட்டைக்கு வரத் தொடங்கினார். மணலே இல்லாத ரீலை எண்ணெய் விடவேண்டும் என்று கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பதிவு அலுவலகக் கதைகளைச் சொல்லுவார். ஒரே கதையை மூன்று முறை. பக்ருதீனுக்குத் தலை வலிக்கும். மேசையில் வேலை அப்படியே கிடக்கும்.

"இன்னைக்கு உடம்பு முடியலன்னு சொல்லி அனுப்பிடவா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திமா உள்ளிருந்து மெல்லக் கேட்டாள்.

பக்ருதீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"வேணாம். சாருக்கு சக்கரை கம்மியா ஒரு டீ போடு. அந்த நாற்காலிய ஃபேனுக்குக் கீழ இழுத்துப் போடு."